இடமில்லை என்று சொன்ன பெட்டி

எர்ணாவூரில் டிரெய்லர் வண்டிகள் ஓட்டும் ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் அலுவலகம். சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் வண்டிகள். டீசல், டிரைவர் பேட்டா, டயர், வாடகை பாக்கி எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். அங்கே கணக்கெழுதும் பெரியவர் என் அப்பாவின் சிநேகிதர். கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும் நாளில் எனக்குப் போன் வரும்.

“தம்பி, பேக்கப் எடுத்தா எடமில்லன்னுது. பென் டிரைவ் வாங்கி நாலு மாசம் ஆவல. பாதிக்கு மேல காலியாத்தான் கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். 32 ஜிபி பென் டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலி. பேக்கப் நிரலோ இடமில்லை என்று ஒரே பிடியாக நின்றது. இருவரில் ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் இருவருமே பொய் சொல்லவில்லை.

வங்கியில் பணம் கட்டும் செல்லானில் தொகை எழுதக் கட்டங்கள் இருக்குமல்லவா? ஏழு கட்டம் இருந்தால் 99,99,999 வரை எழுதலாம். கோடி ரூபாயைக் கையில் கொண்டுபோனாலும், வங்கியின் பெட்டகத்தில் எவ்வளவு இடம் இருந்தாலும், அந்தச் செல்லானில் அதை எழுத முடியாது. ஃபேட் 32 என்ற பழைய கோப்பு முறையின் சங்கதி இதேதான். 1996 வாக்கில் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்போடு வந்தது. ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதிவைக்க அது ஒதுக்கியது 32 பிட் கட்டங்கள். அதில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அன்றைக்கு அது யாரும் தொட முடியாத உயரம். இன்றைக்கு 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பெரும்பாலும் இந்த முறையிலேயே கடைக்கு வருகின்றன.

அலுவலகத்தின் பேக்கப் நிரல் எல்லாத் தாள்களையும் மூட்டைகட்டி ஒரே கோப்பாக எழுதும். டிரிப் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து சேர்க்கச் சேர்க்க மூட்டை பெருத்தது. சில மாதம் ஒழுங்காக ஓடி, 4 ஜிபியைத் தாண்டிய நாளில் நின்றுவிட்டது. ‘கட்டம் போதவில்லை’ என்று சொல்ல அந்த நிரலுக்குத் தெரியாது. மேற்கொண்டு எழுத முடியவில்லை என்ற சேதி மட்டும்தான் அதற்கு வந்து சேர்ந்தது. அதை ‘இடமில்லை’ என்று அது மொழிபெயர்த்துக்கொண்டது.

இந்தத் தொழிலில் இறங்குகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கம்ப்யூட்டர் காட்டும் எர்ரர், தான் இடறி விழுந்த இடத்தைச் சொல்லும். பள்ளம் வேறெங்காவது இருக்கும்.

தீர்வு எளிது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்வது. டிவியிலோ மேக் கணினியிலோ சொருகுவதாக இருந்தால் எக்ஸ்ஃபேட். ஆனால் அலுவலகத்தின் மொத்த உயிரையும் சாவிக்கொத்தோடு தொங்கும் பென் டிரைவில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன். முதலாளி மனசே இல்லாமல் 2 டிபி ஒன்று வாங்கினார்.

வாங்கிய இரண்டாம் நாளே போன். “தம்பி, டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது. வருது, போவுது. டூப்ளிகேட்டு குடுத்துட்டானா?”

டிஸ்க்கில் குறையில்லை. அதற்குப் போன மின்சாரத்தில்தான் குறை. யுஎஸ்பி கேபிள் தகவலை மட்டும் கொண்டுபோவதில்லை, 5 வோல்ட் மின்சாரத்தையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் தர ஒப்புக்கொண்டது 500 மில்லியாம்பியர், யுஎஸ்பி 3.0 போர்ட் என்றால் 900. கையடக்க ஹார்டு டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. உள்ளே வட்டைச் சுழற்றும் மோட்டாருக்கும் இந்த மின்சாரமே கதி. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு கேட்காது. நின்ற வட்டை நிமிடத்துக்கு 5,400 சுற்றுக்கு எழுப்பும் அந்தச் சில விநாடிகளில் ஒரு ஆம்பியர் வரைகூடக் கேட்கும். வீட்டில் தண்ணி மோட்டார் போட்டதும் டியூப்லைட் ஒரு கணம் மங்குகிறதே, அந்தக் கணம்தான் இது.

பெரியவர் டிஸ்க்கைச் சொருகியிருந்தது கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டில். நம் ஊரில் கேபினட்டையே சிபியு என்று சொல்லிப் பழகிவிட்டோம், போகட்டும். முன்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டில் நேராக உட்காருவதில்லை. உள்ளே மெல்லிய வயர் ஒன்று அரை மீட்டர் சுற்றிக்கொண்டு வரும். அதன் கடைசியில் அவர் ஒரு நீட்டிப்புக் கேபிளும் போட்டிருந்தார். வயரின் தடை எல்லாம் சேர்ந்து அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். 5 வோல்ட் புறப்பட்டு 4.5 போய்ச் சேரும். மோட்டார் எழ முயன்று, முடியாமல், விட்டுவிட்டு, மறுபடி முயலும். அந்த முயற்சியின் சத்தம்தான் டிக் டிக். தெருக் குழாயில் கடைசி வீட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பின்பக்கப் போர்ட்டில், டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளால் சொருகினேன். சத்தம் நின்றது. இதனால் டிக் சத்தம் எல்லாமே மின்சாரக் குறைதான் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல மின்சாரம், வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டர் மூன்றையும் மாற்றிப் பார்த்தும் சத்தம் வந்தால் வட்டின் தலைப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: முக்கியமானதை முதலில் நகலெடுத்துவிட்டு நிறுத்திவிடுவது. வட்டைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று மணிக்கணக்கில் ஸ்கேன் ஓடவிடுவது, மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி.

அடுத்து வந்த புகார்தான் எனக்குப் பிடித்தமானது. வட சென்னைக்கென்றே செய்த கோளாறு அது.

ஒரு வருடம் கழித்து, ஒரு மணி நேரத்தில் முடிந்த பேக்கப் மூன்று மணி நேரம் ஆகிறது என்றார். எர்ரர் எதுவும் இல்லை. மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். யுஎஸ்பி 3.0 வழியாக ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 110 எம்பி அளவில் எழுதும். ஒரு மணி நேரம். யுஎஸ்பி 2.0 வழியாக 35 எம்பி தாண்டுவதே பெரிது. அதே வேலைக்கு மூன்று மணி பத்து நிமிடம். ஆக டிஸ்க் களைத்துப்போகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் சந்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் கேபிள் நுழையும் துளை அகலமாக, இரண்டு அறையாகப் பிரிந்திருக்கும். ஓர் அறை பழைய யுஎஸ்பி 2.0-க்கு உரியது. பக்கத்து அறையின் ஐந்து தொடுமுனைகள் வேக வழிக்கு. பக்கத்து அறை கைகொடுக்காவிட்டால் டிஸ்க் புகார் சொல்லாது. இருக்கிற பழைய வழியில் இறங்கி ஓடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தது.

கடலிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அலுவலகம். காற்றில் வரும் உப்புத்துகள் எல்லாவற்றின் மேலும் படியும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துபோகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. சென்னைக் கடற்கரையில் பல இரவுகளில் காற்று அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்போது தொடுமுனை மேல் மின்சாரம் கடத்தும் உப்புநீர்ப் படலம் ஒன்று விரிகிறது. தொடுமுனைக்குத் தங்கமுலாம் பூசியிருப்பது உண்மைதான். ஆனால் விலை மலிந்த கேபிளில் அந்தப் பூச்சு மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் உண்டு. துளை வழியே உப்புநீர் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தொடும். தங்கமும் செம்பும் உப்புநீரில் ஒன்றாய் நின்றால் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. செம்பு அரிக்கும். சின்ன பேட்டரி ஒன்று அங்கே பிறந்து, அடியிலிருக்கும் உலோகத்தைத் தின்னும்.

இத்தோடு நம் பகுதிக்கென்று ஒரு கூடுதல் உண்டு: சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், லாரிப் புகை மூன்றும் சேர்ந்து தரும் கந்தகம். கந்தக வாயுக்கள் செம்பையும் வெள்ளியையும் கருக்கும். பெரிய தரவு மையங்களில் இதை அளக்கப் பளபளப்பான செம்புத் தகடு ஒன்றை 30 நாள் காற்றில் தொங்கவிடுவார்கள். அதில் படியும் அரிப்பு 30 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த அறை மின்னணுக் கருவிகளுக்கு நல்ல அறை. தலைமுடியின் தடிமன் 80 ஆயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணின் கறார் புரியும். எர்ணாவூர் அலுவலகத்தில் தகடு தொங்கவிட்டால் என்ன வரும் என்று கேட்காதீர்கள். ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

கேபிளை மாற்றி, துளையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பச்சையோடு மிச்சமிருந்த தங்கத்தையும் கொண்டுபோய்விடும். வேலை முடிந்ததும் டிஸ்க்கையும் கேபிளையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட டப்பாவில் வைக்கச் சொன்னேன். பெரியவர் பிஸ்கட் டப்பா ஒன்றைக் காலி செய்தார்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் வந்தன. ஒருநாள் யாரோ முதலில் பென் டிரைவைச் சொருகிவிட, ஹார்டு டிஸ்க்குக்குப் போக வேண்டிய ‘ஈ’ என்ற டிரைவ் எழுத்து அதற்குப் போய்விட்டது. பேக்கப் நிரல் ‘ஈ’யைத் தேடிப்போய் அங்கே அந்நியனைக் கண்டு திரும்பிவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், யாரும் எட்டாத கடைசி எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்தால் தீர்ந்தது. இன்னொரு நாள் பாதிராத்திரியில் கம்ப்யூட்டர் தூங்கப்போய் பேக்கப்பையும் கூட்டிப்போய்விட்டது. பவர் அமைப்பில் தூக்கத்தையும், யுஎஸ்பி போர்ட்டைத் தனியாகத் தூங்கவைக்கும் வசதியையும் அணைத்தோம். கணக்கு மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டே பேக்கப் எடுப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னேன். ஒருவர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்தால் வரவு ஒரு நாளிலும் செலவு இன்னொரு நாளிலும் விழும். விண்டோஸ் இதற்கென்று ஒரு கணத்தை உறையவைத்து நகலெடுக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறது. ஆனால் எல்லா நிரலும் அதைக் கேட்பதில்லை.

ஹார்டு டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பெழுதும் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலில் அதைப் படிக்கலாம். இருபது முப்பது வரிகள் வரும். நான் பார்ப்பது இரண்டைத்தான். கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் எத்தனை, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் எத்தனை. முதலாவது ஒன்றிரண்டில் நின்றுவிட்டால் பயமில்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கக் கிளம்ப வேண்டும்.

நடுவில் முதலாளியின் பையன் நடைபாதையில் ஒரு பென் டிரைவ் வாங்கிவந்தான். 2 டிபி, சில நூறு ரூபாய். கம்ப்யூட்டரில் சொருகினால் 2 டிபி என்றேதான் காட்டியது. உள்ளே இருந்தது சில ஜிபி சில்லு. கன்ட்ரோலருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எழுத எழுத வாங்கிக்கொள்ளும், இடம் தீர்ந்ததும் பழையதன் மேலேயே எழுதும், முகம் மட்டும் மாறாது. ‘வெற்றி’ என்ற பச்சை டிக்கும் வரும். முழுக்க எழுதிவிட்டுத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரியான நிரல்களிடம்தான் இது பிடிபடும்.

அப்போதே நான் அந்தப் பச்சை டிக்கைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை மாலை. பெரியவர் வழக்கம்போல் பேக்கப் எடுத்து, டப்பாவை இரும்பு பீரோவின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மிக்ஜாம் புயலின் மழை. மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. அலுவலகத்துக்குள் புகுந்த தண்ணீர் வடிந்தபோது சுவரில் இடுப்பளவுக்குக் கருப்புக் கோடு. தரையில் இருந்த கம்ப்யூட்டர் முழுகி எழுந்திருந்தது.

நான் போவதற்குள் பையன் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஸ்விட்ச் போட்டிருந்தான். செய்யவே கூடாதது அது. ஹீலியம் அடைத்த சில வகைகள் தவிர, ஹார்டு டிஸ்க்குகளுக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. வெள்ளத்தில் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். படிக்கும் தலை வட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. காய்ந்த சேறும் எண்ணெயும் அதற்கு மலை. நனைந்த டிஸ்க்கைக் காயவைக்காமல், பவர் கொடுக்காமல், காற்றுப்புகாத பையில் போட்டு மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் சரி.

போகட்டும், டப்பா இருக்கிறதே என்றேன். லேப்டாப்பில் சொருகி மீட்டெடுத்தோம். ஸ்கேன் செய்த தாள்கள் கடைசிச் சனிக்கிழமை வரை அப்படியே வந்தன. கணக்கு மட்டும் 2022 மார்ச்சோடு நின்றது.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. 2022 ஏப்ரலில் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டிருந்தார்கள். அது தகவலை வேறொரு ஃபோல்டரில் எழுத ஆரம்பித்தது. பேக்கப் நிரலோ சொன்ன சொல் தவறாமல் பழைய ஃபோல்டரையே இருபது மாதம் நகலெடுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பச்சை டிக். அது பொய் இல்லை. நகலெடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டேன் என்றது, எடுத்திருந்தது.

கேபிளையும் வோல்ட்டையும் செம்பின் பச்சையையும் பார்த்த நான், ஒரே ஒரு பில்லைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. இந்தக் கதையில் தண்டனைக்குரியவர் நான்தான்.

2023 மார்ச் வரையிலான கணக்கின் நகல் ஆடிட்டரிடம் இருந்தது. மீதி எட்டு மாதத்தை ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட், டீசல் பங்க் பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் மூன்றையும் பரப்பிவைத்துப் பெரியவர் மறுபடி எழுதினார். எந்த வண்டி எந்த நாள் எந்த டோல்கேட்டைத் தாண்டியது என்று வங்கி எழுதிவைத்திருந்ததால் டிரிப் எல்லாம் வந்துவிட்டது. டிரைவர்களுக்குக் கையில் கொடுத்த அட்வான்ஸ் மட்டும் எங்கேயும் இல்லை. அவரவர் சொன்னதை நம்பிக்கொண்டார்கள்.

நம்பிய நகல் கைவிடுவது பெரிய இடத்துக்காரர்களுக்கும் நடந்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சுநிரல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்தது. நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்ற பட்டியலைச் சுமார் 150 சர்வர்கள் தங்களுக்குள் ஒன்றுக்கொன்று நகலெடுத்து வைத்திருந்தன. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் எல்லாமே ஒன்றாய்ப் போயின. கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் பிழைத்தது. நச்சுநிரல் பரவிய நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! இணைய வேகம் போதாததால் அந்த டிஸ்க்கை ஆள் கையில் கொடுத்து, நைஜீரியா விமான நிலையத்தில் கைமாற்றி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பத்து நாளில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் மறுபடி நிறுவப்பட்டன. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கம்பெனி அதுவாகத்தான் இருக்கும். சொருகியே கிடக்கும் டிஸ்க்கை நச்சுநிரல் சேர்த்தே பூட்டிவிடும். பெரியவர் வேலை முடிந்ததும் கழற்றிவைக்கும் பழக்கம், தெரிந்தோ தெரியாமலோ, சரியான பழக்கம்.

திரும்ப எடுத்துப் பார்ப்பதில் நம்மவர்கள் முன்னோடிகள். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜ சோழன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். கோயில் எழுந்து, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் வெட்டப்பட்டன. இடையில் பத்தாண்டுக்கு மேல். அந்தப் படி மட்டும் பிழையாக இருந்திருந்தால் கோயில் நிலத்துக்கு யார் பொறுப்பு?

இப்போது அந்த அலுவலகத்தில் டிஸ்க் இரண்டு. வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி வேலை செய்கின்றன. வேலையில்லாதது செங்கல்பட்டில் இருக்கும் பெரியவரின் மகள் வீட்டுக்கு டிபன் பையில் போய்வருகிறது. “இங்கயே வச்சா ரெண்டும் ஒரே தண்ணிலதான் முழுவும்” என்றார். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் என் பழைய லேப்டாப்போடு நான் போக வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு டிரிப் ஷீட் கட்டிலிருந்து ஒரு தாளை உருவுவார். டிஸ்க்கிலிருந்து மீட்ட கணக்கில் அந்த டிரிப்பை நான் தேட வேண்டும்.

போன மாதம் வந்தது ஒரு அத்திப்பட்டு டிரிப். வண்டி நம்பர் படித்தேன், தேதி படித்தேன், டீசல் 62 லிட்டர் என்றேன்.

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். “பேட்டா?”

“எழுநூறு.”

“சரியா கீது,” என்று தாளைக் கட்டில் செருகிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றப் போனார்.